நத்தைக்கு நாடி பார்த்தவர்

அந்த அம்மாள் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. பெரியாற்று அணை வேலைக்காரர்களுக்காகக் கூடலூரில் ஓர் ஆஸ்பத்திரி போட்டிருந்தார்கள். அதற்கும் அவர் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். அதை நடந்து முடிக்க அவருக்குச் சில நாள் அரை மணி நேரம் ஆகும். எதிரே வருகிறவர்கள், "எம்புட்டு அடக்கம் பாரு, தரையப் பாத்துத்தான் நடக்குறாக" என்று மெச்சிக்கொண்டு போவார்கள். அடக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் நத்தை தேடிக்கொண்டு போவார்.

பிறந்தது பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேதக்காரச் சம்சாரி வீட்டில்; உழுது பிழைக்கிற கிறிஸ்தவக் குடும்பம். மதுரையில் கன்னியாஸ்திரீகளிடம் படித்து, சென்னையில் பிரசவ வைத்தியம் கற்று, சொந்தப் பள்ளத்தாக்குக்கே நர்ஸாகத் திரும்பி வந்தவர். அப்போது முப்பது வயதுகூட இருக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் அந்தப் பெயரே போதும்.

நான் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். ராயப்பன்பட்டிப் பக்கத்து மாதா கோயில்களில் புனிதர் சுரூபங்களுக்கும் சப்பரத்துக்கும் வர்ணம் தீட்டுவது என் தொழில். அணை வேலை நடந்த வருசங்களில் வண்டிகளுக்கு நம்பர் போடவும் பலகை எழுதவும் கூடலூர் போனேன். போன இடத்தில் மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் கொய்னா மருந்தைக் குடித்துவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். காய்ச்சல் இறங்கிய அன்று வெளியே நல்ல மழை. சன்னல் வழியாக ஒரு நத்தை ஏறிவந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா? கணப்புச் சட்டியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, பக்கத்துச் சுவரிலேயே அதை வரைந்து வைத்தேன்.

மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

"நாந்தான் தாயி. கோவிச்சுக்கிறாதீக, அழிச்சுப்புடுறேன்."

"அழிக்க வேணாம். ஓட்டுல எத்தன சுத்துப் போட்டிருக்கீக அண்ணே?"

எண்ணிப் பார்த்தேன். "அஞ்சு."

"நத்தையில எத்தன இருந்துச்சு?"

"அத எண்ணல. அஞ்சு போட்டா அழகா இருக்கும்னு போட்டேன்."

அவர் மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். நத்தை அதற்குள் வெளிச்சுவருக்குப் போயிருந்தது. முக்காடு நனைய அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாலர. நீங்களே எண்ணிக்கிருங்க. ஒரு அரச் சுத்து வளர இதுக்கு ஒரு மழைக்காலம் முழுசும் வேணும். நீங்க ஒரு இழுப்புல குடுத்துட்டீக."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருசமாக நான் பார்த்திராத முகங்களுக்கே வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தவன். யாரும் என்னிடம் எண்ணிக்கை கேட்டதில்லை.

உடம்பு தேறியதும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு சுவர் நிறையப் பலகை அடித்து, அதில் காலிக் கொய்னாக் குப்பிகளும் தீப்பெட்டிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பஞ்சில் பொதிந்த நத்தை ஓடு. உளுந்தை விடச் சின்னதும் உண்டு, என் உள்ளங்கையை நிறைப்பதும் உண்டு. மேலே ஒட்டிய சீட்டில் இடம், நாள், எந்த மரம், எந்தக் கல், எவ்வளவு ஈரம் என்று பொடி எழுத்து. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு டாக்டர் விட்டுப்போன புத்தகம் மேசையில் கிடந்தது. நத்தைகளைப் பற்றி மட்டுமே எழுதிய புத்தகம். அப்படி ஒரு புத்தகம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. "இதுல நம்ம பக்கத்து நத்த பாதிகூட இல்ல அண்ணே" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது. கறி விருந்துக்குக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து ஐந்து வருசம், எனக்கு வேலை ஒழிந்த நேரமெல்லாம் அவருக்குப் படம் போட்டேன்.

அவர் எதையும் "இருக்கும்" என்று சொல்ல மாட்டார். "பாத்தேன்" என்பார், இல்லாவிட்டால் "பாக்கல" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் உலகத்தில் எல்லோரும் வாழ்கிற இடத்தில் அவர் கால் வைக்கவே மாட்டார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். "பிள்ள பொழைக்குமா நர்ஸம்மா?" என்று தாய்மார்கள் அழுவார்கள். "மூச்சு நல்லா இருக்கு. சூடு எறங்கியிருக்கு. இப்ப அம்புட்டுத்தான் பாத்தேன்" என்பார். ஆறுதலுக்காகக்கூட ஒரு சொல் கூட்டமாட்டார். இது கல்நெஞ்சு என்று நானே நினைத்ததுண்டு. ஆனால் அவர் "பொழச்சுக்கிருச்சு" என்று சொன்ன பிள்ளை எதுவும் அதற்குப் பிறகு செத்ததில்லை. அதனால் அந்த ஒரு சொல்லுக்காகக் கூலிப் பெண்கள் ராத்திரி பகலாகக் காத்துக் கிடப்பார்கள்.

ஒரு தடவை பிரசவம் பார்த்து அனுப்பிய ஒருத்தி, நன்றிக்காக ஒரு பானை நிறைய நத்தை கொண்டுவந்தாள். நம் பக்கத்தில் மூலத்துக்கும் இருமலுக்கும் நத்தைக் கறி தின்பது உண்டுதானே. நர்ஸம்மாவும் தின்னத்தான் பொறுக்குகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"கழுவிட்டேன் ஆத்தா. மிளகு அரச்சுப் போட்டு வையுங்க, கமகமன்னு இருக்கும்."

நர்ஸம்மா பானையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நடுவில் ஒன்றைப் பார்த்ததும் கண் விரிந்தது. "இது எங்கன எடுத்தே?"

"அங்கனதான்… கம்பத்து வயல்ல. இல்ல, ஓடையிலயா? எங்க வீட்டு ஆளும் பொறுக்குனாரு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டோம்."

அவர் அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் பார்த்திராத ஜாதி. ஆனால் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. "எங்கன கெடச்சதுன்னு தெரியாட்டி இது வெறும் ஓடு" என்று சொல்லி, அவளிடமே பானையைக் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த ஒரு நத்தைக்காகக் கம்பத்து வயல்களை மூன்று மாதம் சுற்றினார். கிடைக்கவில்லை. "பாக்கல" என்று எழுதி வைத்தார்.

மலைக்கு என்னை முதலில் கூட்டிப்போனது ஆனி மாதச் சாரலில். குமுளிப் பாதையில் பாதி ஏறியதும் காட்டுக்குள் திரும்பினார். கால் முழுக்க அட்டை. எனக்கு எரிச்சல். திடீரென்று கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பாசி படர்ந்த ஒரு அடிமரத்தில் செவ்வலரிப் பூ நிறத்தில் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. பூ ஊருமா? கிட்டப் போனால் நத்தை. உடம்பு முழுக்கச் சிவப்பு. முதுகில் வெங்காயச் சருகுபோல் மெல்லிசாக ஒரு ஓடு. ஐம்பது தடவை அந்தப் பாதையில் போயிருக்கிறேன். அப்படி ஒன்று அங்கே உயிரோடு இருப்பது எனக்குத் தெரியாது. நான் சுரூபங்களுக்கு அங்கி தீட்ட எத்தனையோ சிவப்பு குழைத்திருக்கிறேன். அந்தச் சிவப்பு என் கிண்ணத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை.

"கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு அந்த ஓட்டுக்குள்ள பாருங்க அண்ணே. வலது பக்கமாத் தள்ளி."

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெல்லிய ஓட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று சுருங்கி விரிந்தது. மறுபடி சுருங்கி விரிந்தது.

"என்ன தாயி இது?"

"இருதயம்."

ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோலவே உதடு அசையாமல் ஒரு நிமிசம் எண்ணினார். எண்ணிக்கையை நோட்டில் எழுதினார். மழை அவர் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. நோட்டை மட்டும் தன் உடம்பால் மறைத்துக் குனிந்திருந்தார். ஒரு பூச்சிக்குச் சமமாக நாம் மிதித்துப் போகிற உயிருக்கு நம்மைப்போல ஒரு இருதயம் இருக்கிறது, அதை ஒருத்தர் நனைந்துகொண்டே எண்ணுகிறார் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் நடுப்பூசையில் மணி அடிக்கும்போது முழங்காலிடுவோமே, அப்படி ஒரு கணம் முழங்காலிடத் தோன்றியது. ஈரத் தரை என்று விட்டுவிட்டேன்.

கல்கத்தாவில் இருந்த ஒரு துரைக்கு அவர் ஓடுகளும் படங்களும் அனுப்பிவந்தார். நத்தை விசயத்தில் அந்தத் துரை சொன்னதுதான் முடிவு என்பார்கள். ஒருமுறை அவரிடமிருந்து சூடாக ஒரு கடிதம் வந்தது. ஒரு படத்தில் சுழி இடப்பக்கமாக இருக்கிறது, உங்கள் சித்திரக்காரன் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட்டுவிட்டான், வலப்பக்கமாகத் திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்.

"திருத்திப்புடுவோமா தாயி?" என்றேன். பெரிய மனிதர், எதற்கு வம்பு என்று எனக்கு.

"நீங்க எப்படிப் பாத்தீக?"

"இடப்பக்கமாத்தான்."

"அப்பறம் என்ன?"

அவர் அந்த ஓட்டையே பஞ்சில் பொதிந்து அனுப்பினார். கூட ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்: "என் சித்திரக்காரர் தாம் பார்த்ததை மட்டுமே வரைகிறவர். அவர் கையை நான் என் கண்ணைப்போல் நம்புகிறேன்." இரண்டு மாதம் கழித்து, தான் சொன்னது தவறு என்று துரை எழுதினார். அந்தக் கடிதத்தை என் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிற மழை மேற்கே மலையாளத்துக்கு ஓடுகிறது. இந்தப் பக்கம் விழுவது ஓடைகளில் இறங்கிச் சுருளியாற்றோடு வைகைக்குப் போகிறது. தண்ணீரில் வாழும் நத்தை முகடு ஏறித் தாண்டாது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு நத்தைகள். மேற்குப் பக்கத்து மடுக்களில் ஒரு ஜாதி உண்டு. நம் வயல் நத்தைக்குப் பங்காளிதான். ஆனால் இதற்கு ஓட்டின் இடுப்பைச் சுற்றி வரப்புப்போல ஒரு மேடு ஓடும். கிழக்கே எங்கேயும் அவர் அதைப் பார்த்ததில்லை.

அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே போகிற தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பப் போகிறார்கள் என்று பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பேச்சு. இரண்டு போகம் விளையுமா, மூன்று போகம் விளையுமா என்று ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். நர்ஸம்மாவிடம் நான் கேட்டேன்: "தண்ணியோட அந்த வரப்பு நத்தையும் வந்துருமா தாயி?"

"தெரியல."

"வரும்னு நெனைக்கீகளா?"

"நெனைக்கிறது எனக்குள்ள கெடக்கட்டும். நோட்டுல ஏறாது."

தண்ணீர் எந்த ஓடையில் வந்து விழப்போகிறதோ அந்த ஓடைக்கு அவர் மூன்று வருசம் முன்பே போகத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போவார். கல் கல்லாகப் புரட்டுவார். திரும்பிவந்து நோட்டில் நாள் போட்டு "இல்லை" என்று எழுதுவார். பக்கம் பக்கமாக இல்லை, இல்லை, இல்லை. என் மனைவிகூட ஒருநாள் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு நர்ஸம்மா இம்புட்டு எழுத்து?" என்று கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு வந்துச்சுன்னா, முன்னாலயே இருந்திருக்கும்னு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல மதினி? அதுக்குத்தான்."

தண்ணீர் வந்த நாளில் கூடலூரே மலையடிவாரத்தில் நின்றது. செம்மண் நிறத்தில் மலை வயிற்றிலிருந்து அது இரைந்துகொண்டு இறங்கியபோது பெண்கள் குலவை போட்டார்கள். மஞ்சளும் பூவும் எறிந்தார்கள். வயசான சம்சாரிகள் விழுந்து கும்பிட்டார்கள். நர்ஸம்மா தூரத்தில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேகம் எப்போது தணியும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிந்தபின் ஒவ்வொரு ஞாயிறும் தேடினார். நானும் கூடப் போவேன். எட்டு மாதம் ஒன்றும் இல்லை. அணை வேலை முடிந்துவிட்டதால் ஆஸ்பத்திரியை மூடுவதாக உத்தரவு வந்தது. அவரைத் திண்டுக்கல்லுக்கு மாற்றினார்கள். அந்த வருசம் அவருக்கே இரண்டு தடவை காய்ச்சல் வந்து, வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துப்போயிருந்தார். போவதற்கு இரண்டு ஞாயிறு மிச்சம். ஓடையிலிருந்து ஏறும்போது கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எனக்குத் தாங்கவில்லை.

படம் போடுவதற்காக மேற்குப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வரப்பு நத்தை ஏழு அவர் வீட்டு ஜாடியில் உயிரோடு இருந்தன. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒன்றை எடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஓடைக்குப் போய், அவர் வழக்கமாகப் புரட்டும் ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். செத்துக் கிடக்கிற ஆண்டவர் சுரூபத்தின் முகத்துக்கும் சாந்தம் தீட்டுகிற தொழில்காரன்தானே நான்.

மறுநாள் அவர் அந்தக் கல்லைப் புரட்டினார். பார்த்தார். கட்டின சேலையோடு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே… வந்துருச்சு."

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நிமிசமே நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் ஆள் விட்டு அழைத்தார். மேசையில் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர், அதில் அந்த நத்தை. பக்கத்தில் நான் போன மழைக்காலத்தில் போட்ட ஒரு படம்.

"இது நீங்க போட்டதுதானே?"

"ஆமா தாயி."

"ஓட்டு வாயோட உதட்டுல ஒரு வடு போட்டிருக்கீக. நகம் பதிஞ்ச மாதிரி." தட்டைத் திருப்பினார். "இதுலயும் அதே எடத்துல அதே வடு."

நான் ஜாடிப் பக்கம் பார்த்தேன்.

"ஜாடியில ஏழு இருந்துச்சு. இப்ப ஆறு இருக்கு."

"நாந்தான் வச்சேன்" என்றேன். "நீங்க போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் பாத்துறணும்னு… மன்னிச்சிருங்க தாயி."

அவர் நோட்டை எடுத்தார். நோயாளியிடம் விசாரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்தக் கல். எத்தனை மணி. தண்ணீர் எவ்வளவு ஆழம். ஒன்றுதானா. வேறு எங்காவது வைத்தேனா. என் பதிலை எழுதியபின், என் முன்னாலேயே எழுந்துபோய் ஜாடியில் இருந்ததை மறுபடி எண்ணினார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

"இது பொட்டையா இருந்தா என்ன ஆகும் தெரியுமா அண்ணே?"

"தெரியாது."

"இந்த ஜாதி முட்ட போடாது. குட்டி போடும். வயித்துக்குள்ள நாப்பது அம்பது குட்டிய வச்சிருக்கும். நேத்து ராத்திரி ஓடையில அதுல நாலு வெளிய வந்திருந்தா, இனிமே அங்கன எது கெடச்சாலும் மலையத் தாண்டி வந்ததா, நீங்க வச்சது பெத்ததான்னு யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. மூணு வருசம் இல்ல இல்லன்னு எழுதுனது அம்புட்டும் போச்சு."

"பொட்டையா ஆம்பளையான்னு எப்பிடிப் பாக்குறது?"

"வெளிய வரணும். ஆம்பளைக்கு வலது கொம்பு தடிச்சு வளஞ்சிருக்கும்."

நத்தை பயத்தில் ஓட்டு வாயின் மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டிருந்தது. மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வாசல் வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறியது. நான் வர்ணம் தீட்டிய புனிதர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் வேண்டிக்கொண்டேன், ஒரு நத்தை ஆணாக இருக்க வேண்டும் என்று. இப்படி ஒரு வேண்டுதல் அவர்களுக்கும் புதிதாகத்தான் இருந்திருக்கும். நர்ஸம்மா கண் இமைக்கவில்லை. தட்டைத் தொடவும் இல்லை, ஊதவும் இல்லை.

வெயில் மங்கத் தொடங்கியபோது மூடி ஒரு மயிரிழை விலகியது. சாம்பல் நிறத்தில் பாதம் வந்தது. பிறகு தலை. பிறகு இடது கொம்பு, மெலிந்து நீண்டு. வலது கொம்பு வர ஒரு யுகம் ஆயிற்று. வந்தது குட்டையாக, தடித்து, அரிவாள் நுனிபோல் வளைந்து.

"ஆம்பள" என்றார். அப்படியே நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

அவர் நிமிர்ந்ததும் நான் கேட்டேன், "நோட்டுல எம் பேரப் போட்டீகளா தாயி?"

"போட்டேன். படத்துலயும் உங்க பேருதானே போட்டிருக்கேன்."

அடுத்த ஞாயிறு அவர் என்னைக் கூப்பிடாமலே ஓடைக்குப் போய் வந்தார். "இல்லை" என்றுதான் எழுதியிருப்பார். அந்த வாரம் வண்டி ஏறினார். தீப்பெட்டிகளையும் குப்பிகளையும் வைக்கோல் போட்டு அடுக்கிக் கொடுத்தேன். "வாரேன் அண்ணே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப்பின் ஞாயிறுதோறும் நான் ஓடைக்குப் போனேன். "ஒங்களுக்கும் அந்தக் கிறுக்குப் பிடிச்சுருச்சா?" என்று மனைவி கேட்டாள். பரிகாரம் என்று சொல்வதா? அது கொஞ்சம். மிச்சம் என்னவென்றால், கல்லைக் கண்டால் புரட்டாமல் போக என்னால் முடியவில்லை. நாங்கள் வழக்கமாகத் தேடும் இடத்தை விட்டு மேலே, தண்ணீர் மலையிலிருந்து விழுந்து தேங்கும் மடு வரைக்கும் போனேன். ஒரு மழைக்காலம் முழுசும் ஒன்றும் இல்லை. தை மாதத்தில் ஒருநாள், கைக்கு அடக்கமான ஒரு கல்லின் அடியில் அரிசி அளவுக்கு ஒன்று. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குட்டி. ஓட்டில் குட்டிகளுக்கு மட்டும் இருக்கும் மென்மயிர் வரிசை. இடுப்பைச் சுற்றி அந்த வரப்பு.

என் கை அதைத் தொடப் போனது. இழுத்துக்கொண்டேன். கல்லை இருந்தபடியே மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரைக்கு வந்து உட்கார்ந்தேன். யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது. அங்கே ஒரு கொக்குதான் நின்றது.

அன்றே கடிதம் எழுதினேன். எங்கே, எப்போது, எந்தக் கல், எவ்வளவு ஆழம். "நம்பச் சொல்லிக் கேட்கவில்லை. வந்து பாருங்கள்" என்று முடித்தேன். பதில் வரவில்லை. பதினோராம் நாள் முற்பகலில் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாக மூன்று நாள் குலுங்கி வந்திருக்கிறார். என் மனைவி நீட்டிய மோர்ச் செம்பைக்கூட நின்றபடியே குடித்தார்.

"எங்கன அண்ணே?"

கூட்டிப்போய்க் காட்டினேன்.

"நீங்க கரையிலயே நில்லுங்க."

நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நான் சொன்ன கல்லுக்குப் போகவே இல்லை. அதற்கும் மேலே, அருவி தெறிக்கும் இடத்தில் தொடங்கினார். புரட்டுவார், பார்ப்பார், இருந்தபடி வைப்பார். மத்தியானம் சாய்ந்தது. ஒரு கல்லில் அவர் கை நின்றது. பிறகு இன்னொன்றில். அப்புறம் இன்னும் இரண்டு. கடைசியாகத்தான் என் கல்லுக்கு வந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கரையிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அருவிச் சத்தம்.

கரையேறிவந்து கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"மொதல்ல பாத்தது என்னைக்கு?"

"தை ரெண்டாம் ஞாயித்துக்கிழம. ஆனா தாயி, அது நான் ஒருத்தன் பாத்தது. நீங்க இன்னைக்குப் பாத்ததப் போடுங்க. எம் பேச்ச நம்பி எழுதி நாளைக்கு ஒங்களுக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

"மொதல்ல பாத்தது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப அந்தத் தேதிதான்."

எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினார். இங்கிலீஷில்தான் இருந்தது. என் பெயர் எழுத்து மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். அது மேலே இருந்தது. அதற்குக் கீழே அவர் பெயர்.

"மேல இருக்கது கண்டவரு. கீழ இருக்கது சரிபாத்தவரு" என்றார்.

நான் என் பெயர் எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல் இருந்தார். தட்டில் ஓடைத் தண்ணீர் மொண்டு, அதில் அந்தக் குட்டியை விட்டு, ஒரு பாறைமேல் வைத்தார். மேலே மலையின் வயிற்றிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நெல்லுக்கென்று திருப்பிய தண்ணீர். அந்த இருட்டுக் குகைக்குள் யாரும் அழைக்காமல், யாருக்கும் சொல்லாமல், இந்த அரிசியளவு உயிரும் கூடவே வந்திருக்கிறது. இன்னும் என்னென்ன வந்துகொண்டிருக்கிறதோ என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, தாள எடுங்க" என்றார் நர்ஸம்மா. "வெளிச்சம் போயிரும்."